மூட்டு மாற்றியவர் கையில் கடிகாரம்: எண்களைப் படிப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு மருந்துப் பையோடு ஒரு ஸ்மார்ட் வாட்சையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களிலும் மெல்லப் பரவிவருகிறது. சில தனியார் மருத்துவமனைகள் அதைத் தங்கள் 'பேக்கேஜ்' கட்டணத்திலேயே அடக்கிவிடுகின்றன. மற்ற இடங்களில் வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். நடந்த அடிகள், நாடித்துடிப்பு, உறங்கிய நேரம் என்று அது காட்டும் எண்களை வைத்து விளம்பரங்களில் சொல்லப்படுவதில் பாதி உண்மை, பாதி ஆசை. தென்மாவட்டங்களில் பல ஆண்டுகளாக வீடு வீடாகச் சென்று மூட்டு மாற்றியவர்களுக்குப் பயிற்சி கொடுத்துவரும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில், இந்தக் கருவிகள் எந்தக் கட்டத்தில் உதவும், எந்தக் கட்டத்தில் குழப்பும், நம்மிடம் அவை விற்கப்படும் முறையில் எது விடுபட்டுப்போகிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு எடுத்துச்சொல்ல விரும்புகிறேன்.

இந்த அறுவை சிகிச்சை இன்று அரிதான ஒன்றல்ல. பிரதமராக இருந்த வாஜ்பாய் 2000 அக்டோபரில் ஒரு காலுக்கும் 2001 ஜூனில் மறு காலுக்கும் மும்பையில் மூட்டு மாற்றிக்கொண்டபோது அது நாடு முழுவதும் பேச்சாக இருந்தது. இன்றோ முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், வயலிலும் பீடித் தட்டின் முன்னும் வாழ்நாளைக் கழித்த பெண்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இதைச் செய்துகொண்டு வீடு திரும்புகிறார்கள். தேய்ந்துபோன எலும்பு முனைகளைச் சீவி, தொடை எலும்பின் அடியில் கோபால்ட் குரோமியக் கவசமும், கீழ்க்கால் எலும்பின் தலையில் உலோகத் தட்டும், இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் தகடும் பொருத்தும் வேலை அறுவை அரங்கில் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மீதி வேலை வீட்டில் நடக்கிறது. அதுதான் நீண்டது, வலி மிகுந்தது, விளம்பரப் படங்களில் இடம்பெறாதது.

அந்த வீட்டு வேலையில் முதல் ஆறு வாரங்களுக்கு உள்ள முக்கியத்துவத்தை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். மூட்டு முழுமையாக நீள வேண்டும். அன்றாட வாழ்க்கைக்குப் போதுமான அளவு மடங்க வேண்டும். சமதரையில் இயல்பாக நடப்பதற்கே ஏறத்தாழ 65 டிகிரி மடக்கம் தேவை. படி ஏறி இறங்க 90 டிகிரி அளவுக்கும், தாழ்வான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்திருக்க அதற்கு மேலும் தேவைப்படும். அறுவைக்குப் பிறகு மூட்டைச் சுற்றியுள்ள திசுக்கள் ஆறும்போதே இறுகவும் தொடங்குவதால், 'வலி குறையட்டும், பிறகு மடக்கிக்கொள்ளலாம்' என்று காத்திருந்தவர்களுக்கு அந்தப் 'பிறகு' வராமலே போவதுண்டு. சில வாரங்கள் கடந்தும் 90 டிகிரியை எட்டாத மூட்டுகளை மயக்கம் கொடுத்து மடக்கிவிட வேண்டிய நிலையும் சிலருக்கு ஏற்படுகிறது. இவற்றோடு, தொடையின் முன்தசை அறுவைக்குப் பிந்தைய முதல் மாதத்தில் தன் வலுவில் பாதிக்கும் மேல் இழந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். படுத்தபடியே அந்தத் தசையை இறுக்கி, முழங்காலின் பின்பக்கத்தைக் கட்டிலோடு அழுத்திப் பிடிக்கும் எளிய பயிற்சிதான் அதற்கு முதல் மருந்து.

மேலே சொன்ன எதையும் மணிக்கட்டில் கட்டிய கடிகாரத்தால் அளக்க முடியாது. மடக்கமும் நீட்டமும் அதற்குத் தெரியாது, வீக்கம் தெரியாது, கட்டிலில் படுத்துக்கொண்டு தசையை இறுக்கியவர் சும்மா கிடந்தவராகவே அதன் கணக்கில் பதிவாவார். அதற்குத் தெரிந்தது அடிகளை எண்ணுவது. மீட்சியின் தொடக்கக் கட்டத்தில் அடிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது, சோறு வெந்ததா என்று பாராமல் அடுப்பில் வைத்த விறகை எண்ணுவதற்கு ஒப்பாகும்.

அந்த அடிக்கணக்காவது சரியாக இருக்கிறதா என்றால், தேவைப்படும் வாரங்களில்தான் அது பெரும்பாலும் தவறுகிறது. தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில், தையல் இன்னும் பிரிக்காத ஓர் ஆச்சி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணையிலிருந்து பின்கட்டு வரை காலையிலும் மாலையிலும் தவறாமல் நடந்துகொண்டிருந்தார். பேரன் கட்டிவிட்ட கடிகாரம் இடது மணிக்கட்டில் இருந்தது. மாலையில் நான் பார்த்தபோது அது காட்டிய கணக்கு நாற்பதைத் தாண்டவில்லை. 'நான் நடக்கவே இல்லைன்னுல்ல இது சொல்லுது, தம்பி' என்று அவர் மனம் நொந்து சொன்னார். கடிகாரத்தின் உள்ளே இருக்கும் முடுக்கமானி, கை முன்னும் பின்னும் வீசும் அசைவை வைத்தே அடிகளைக் கணிக்கிறது. வாக்கரை இறுகப் பற்றியிருக்கும் கை வீசுவதில்லை, மெதுவாக இழுத்து வைக்கும் அடியின் அதிர்வும் மணிக்கட்டு வரை எட்டுவதில்லை. ஒரு நீட்டுப் பட்டையைச் சேர்த்து அதே கடிகாரத்தை அறுவை செய்யாத காலின் கணுக்காலில் கட்டிவிட்ட பிறகு, அவர் நடந்ததற்கு ஏறத்தாழ ஒத்த எண்ணிக்கை வந்தது. கையில் கட்டும் கருவி வாக்கர் பிடிப்பவருக்குப் பொய்க்கணக்குக் காட்டும் என்ற இந்தச் சிறு செய்தியைக்கூட, கருவியைப் பெட்டியோடு கொடுத்தனுப்பிய யாரும் அந்த வீட்டாரிடம் சொல்லியிருக்கவில்லை.

குறைத்துக் காட்டும் கணக்கு மனத்தைத்தான் வருத்தும். துரத்தப்படும் கணக்கு காலையே வருத்திவிடும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் அடிக்கணக்கை மஸ்கட்டில் இருந்த மகன் தன் கைப்பேசியில் பார்த்து, ஒவ்வோர் இரவும் 'இன்னைக்கும் மூவாயிரம் தாண்டலையேப்பா' என்று கேட்பது வழக்கமாக இருந்தது. மகன் கேட்டது அக்கறையால். அப்பா நடந்ததும் மகனின் மனம் கோணக் கூடாது என்பதற்காக. வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறிய உடனேயே வீட்டுத் தாழ்வாரத்தில் மணிக்கணக்கில் நடந்ததன் பலனாக, வார முடிவில் முழங்கால் பளபளவென்று வீங்கி, தொட்டால் சுட்டது; அதற்கு முந்தைய வாரம் 85 டிகிரி மடங்கிய மூட்டு 70ஐத் தாண்ட மறுத்தது. கைப்பேசியில் பார்த்தால் அந்த வாரம்தான் அவருடைய மிகச் சிறந்த வாரம்: பச்சை வட்டங்கள் எல்லாம் நிறைந்திருந்தன, பாராட்டுச் செய்தியும் வந்திருந்தது. வீங்கிய மூட்டு மடங்காது, மடங்காத மூட்டைச் சுற்றிய தசையும் வேலை செய்யாது என்பதால், நடையைக் குறைத்து, காலை உயர்த்தி வைத்து, ஐஸ் ஒத்தடம் கொடுத்து, பழைய இடத்துக்கு மீண்டும் வருவதற்கே நாளாயிற்று.

கருவிகளில் முன்கூட்டியே பதியப்பட்டிருக்கும் 10,000 அடி என்ற இலக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது எந்த அறுவை மருத்துவரும் வகுத்ததல்ல. 1965இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் தன் நடை எண்ணும் கருவியை விற்பதற்காக முன்வைத்த எண். நல்ல காலுள்ளவர்களுக்கே அது கட்டாயமில்லை எனும்போது, தையல் போட்ட காலுக்கு அதை இலக்காக விட்டுவைப்பது கருவியை அமைத்துக் கொடுத்தவரின் கவனக்குறைவு. முதல் நாளே அந்த எண்ணை அழித்துவிட்டு, இயன்முறை மருத்துவர் சொல்லும் அளவைப் பதிய வேண்டும். அல்லது முதல் வாரங்களில் இலக்கே இல்லாமல் விட்டுவிட வேண்டும்.

மூட்டின் மடக்கத்தையே அளக்கும் கருவிகளும் வந்துவிட்டன என்பதை அறிவேன். தொடையில் ஒரு சென்சரும் கெண்டைக்காலில் ஒரு சென்சரும் கட்டி, இரண்டும் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கின்றன என்பதன் வேறுபாட்டிலிருந்து முழங்காலின் மடக்கத்தைக் கணக்கிடுகிறார்கள். கொள்கையளவில் இது சரியான அளவு. நாங்கள் கோனியோமீட்டர் என்ற கோணமானியை வைத்து அளப்பதும் இதையேதான். வீட்டில் இதைப் பயன்படுத்தும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது பட்டை. மாலை வீக்கத்தில் இறுக்கமாக இருந்த பட்டை காலையில் வீக்கம் வடிந்ததும் நழுவும். தசை சதையாய்த் தொங்கும் தொடையில் அது சுழன்றும் போகும். சென்சர் இரண்டு விரல்கடை நகர்ந்தாலே காட்டும் எண் மாறிவிடும். காயத்தின் மேலோ, வியர்வை தேங்கும்படி கட்டுத்துணியின் ஓரத்திலோ பட்டையைக் கட்டவும் கூடாது.

இரண்டாவது, இதைவிட நுட்பமானது. விற்பவர்களில் பலருக்கே தெரியாதது. இவ்வகைக் கருவிகளில் பலவற்றை ஒவ்வொரு முறை கட்டும்போதும், 'காலை நேராக நீட்டிக்கொள்ளுங்கள்' என்று சொல்லி அந்த நிலையைப் பூச்சியமாகப் பதிய வைக்கிறார்கள். ஆனால் மூட்டு மாற்றியவர்களில் கணிசமானோரின் பிரச்சினையே கால் நேராக நீளாததுதான். பத்து டிகிரி மடங்கியபடியே நின்றுவிட்ட காலைக் கருவி பூச்சியம் என்று ஏற்றுக்கொண்டால், அந்தப் பத்து டிகிரிக் குறை அதன் கணக்கிலிருந்தே மறைந்துபோகும்; மடக்கத்தையும் உள்ளதைவிடப் பத்து டிகிரி குறைத்தே அது காட்டும். முழுமையாக நீளாத கால், நிற்கும்போதெல்லாம் தொடைத் தசையைப் பிழிந்து வேலை வாங்கும், நடையில் சாய்வைக் கொண்டுவரும், நாளடைவில் இடுப்பு வலியாகவும் வெளிப்படும். மடக்கத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நீட்டத்தைப் பற்றிக் கேட்பவர் குறைவு. கருவியும் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டால், கண்டுபிடிக்க இருப்பது குதிகாலின் கீழ் ஒரு சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலுக்கும் கட்டிலுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று குனிந்து பார்க்கும் பழைய வழி மட்டுமே. அந்த வழிக்குச் செலவில்லை. வீட்டில் இருக்கும் எவரும் கற்றுக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் ஒரு படி மேலே போய், உடலுக்குள் பொருத்தும் செயற்கை மூட்டிலேயே சென்சரை வைத்துவிட்டார்கள். ஜிம்மர் பயோமெட் நிறுவனத்தின் பெர்சோனா ஐக்யூ என்ற அந்த மூட்டுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 ஆகஸ்டில் அனுமதி வழங்கியது. கீழ்க்கால் எலும்புக்குள் இறங்கும் தண்டில் மின்கலத்தோடு அமைந்த சென்சர், அடிகள், நடை வேகம், மூட்டின் அசைவளவு முதலியவற்றைப் பதிவு செய்து, வீட்டில் வைத்திருக்கும் தரவு வாங்கும் கருவிக்கு அனுப்புகிறது. பட்டை நழுவும் தொல்லையோ, மாட்டிக்கொள்ள மறக்கும் தொல்லையோ இதில் இல்லை. வியப்பூட்டும் பொறியியல்தான். ஆனால் அந்தக் கருவி தரும் அசைவுத் தரவுகள் சிகிச்சை முடிவுகளுக்கு ஆதாரமாகக் கொள்வதற்கானவை அல்ல என்றும், அவற்றால் மருத்துவப் பயன் விளைவதாக நிறுவப்படவில்லை என்றும் அனுமதி ஆவணமே கூறுகிறது. எலும்புக்குள் வைத்த கருவிக்கே இந்த எச்சரிக்கை தேவைப்படுகிறது என்றால், மணிக்கட்டில் கட்டும் கருவியைப் பற்றி நம் விளம்பரங்கள் பேசும் தொனி சற்று அடங்கியிருக்கலாம்.

இவ்வளவும் சொன்னதால் கருவிகளே வேண்டாம் என்பது என் கட்சி என்று வாசகர்கள் கருதிவிடக் கூடாது. நான் ஒரு வீட்டுக்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை போகிறேன்; மற்ற நாட்களில் அங்கே என்ன நடந்தது என்பதை நோயாளியின் வாய்மொழியாகவே தெரிந்துகொள்கிறேன். 'எல்லாம் செஞ்சேன்' என்ற பதிலுக்குள் எவ்வளவு அடங்கும் என்பதை இத்துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். பகல் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு மாலையில் ஒரே மூச்சாக நடந்தாரா, நாள் முழுவதும் சிறிது சிறிதாக எழுந்து நடந்தாரா என்பதைக் கருவியின் பதிவு எனக்குக் காட்டினால், அந்த வாரத்துப் பயிற்சியை அதற்கேற்ப மாற்ற முடியும். ஒரு நாள் எண்ணுக்குப் பொருள் குறைவு. இரண்டு மூன்று வாரங்களின் ஏற்ற இறக்கத்தை வீக்கத்தோடும் மடக்கத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தால் அதற்குப் பொருள் உண்டு.

இன்னும் ஒரு முரண்பாட்டையும் குறிப்பிட வேண்டும். அடிக்கணக்கு உண்மையிலேயே பயன்படத் தொடங்குவது, எல்லோரும் அதை மறந்துவிடும் காலத்தில்தான். மூன்று மாதம் கடந்து, வலி பெருமளவு குறைந்து, கைத்தடியும் மூலைக்குப் போன பிறகு, பலருடைய நடமாட்டம் அறுவைக்கு முன்பிருந்த அளவைவிடப் பெரிதாகக் கூடுவதில்லை என்பதை, உடலில் கருவி கட்டி அளந்த பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வலிக்காக ஒடுங்கிப் பழகிய வாழ்க்கை, வலி போன பிறகும் அப்படியே ஒடுங்கிக் கிடக்கிறது. கடைக்கும் கோயிலுக்கும் போவதை என்றோ நிறுத்தியவர்கள் மீண்டும் தொடங்குவதில்லை. இப்போது அவர்களுடைய கை வீசி ஆடுகிறது, கடிகாரத்தின் கணக்கும் ஏறக்குறைய சரியாக இருக்கிறது, வாரம் சில நூறு அடிகளாகக் கூட்டிக்கொண்டே போகும் இலக்கும் காலுக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் அந்தக் கட்டத்தில் கடிகாரம் சார்ஜ் இறங்கி அலமாரியில் கிடக்கும். தொடக்கத்தில் துரத்தியும் பின்னர் கைவிட்டும் பயன்படுத்துவதை விடுத்து, வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொண்டால் அதே கருவி உண்மையாகவே உதவும்.

உறக்கக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூட்டு மாற்றியவர்களுக்கு முதல் சில வாரங்கள் இரவு உறக்கம் துண்டு துண்டாகவே இருக்கும். அதைக் காலையில் ஒரு மதிப்பெண்ணாகப் பார்த்து மேலும் கவலைப்படுவதைவிட, அந்த வசதியை அணைத்துவைப்பது நல்லது.

எந்தக் கருவியை நம்பியும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளை மட்டும் இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன். கெண்டைக்கால் இறுகி வலித்து வீங்கினால், அது இரத்த நாளத்தில் உறைகட்டியாக இருக்கலாம். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால், அந்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்றிருக்கலாம். அது உயிர் ஆபத்து, உடனே 108ஐ அழைக்க வேண்டும். காயத்திலிருந்து நீர் அல்லது சீழ் வடிந்தாலும், குளிரோடு காய்ச்சல் வந்தாலும், குறைந்துகொண்டிருந்த வலி திடீரென்று கூடினாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓய்வில் இருக்கும்போதும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிட உயர்ந்தே இருப்பதைக் கடிகாரம் காட்டக்கூடும். அது காய்ச்சலாலும், இரத்தசோகையாலும், வலியாலும் வரலாம். ஆனால் கடிகாரம் இயல்பாகக் காட்டுகிறது என்பதற்காக வீங்கிய கெண்டைக்காலை அலட்சியப்படுத்துவது பெரும் ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்லவந்த செய்திக்கு வருகிறேன். இந்த எண்களை யார் படிக்கிறார்கள்? நோயாளி அறுவை மருத்துவரைத் தையல் பிரிக்கும்போது ஒரு முறையும், ஆறாவது வார வாக்கில் ஒரு முறையும் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் எக்ஸ்ரேயும் காயமும் பார்க்கப்படுகின்றன. கைப்பேசியில் குவிந்திருக்கும் வரைபடங்களைத் திறக்க நேரமில்லை. மருத்துவமனையின் செயலிக்குள் போய்ச்சேரும் தரவுகளை அங்கே யாரேனும் நாள்தோறும் பார்க்கிறார்களா என்று நான் கேட்ட இடங்களில் தெளிவான பதில் கிடைத்ததில்லை. வீட்டுக்குப் போகும் இயன்முறை மருத்துவருக்கோ அந்தச் செயலிக்குள் நுழைய அனுமதியே இல்லை. முடிவில், எண்களைப் பார்ப்பவர்கள் இரண்டே பேர்: அவற்றின் பொருள் தெரியாத நோயாளியும், கடல் கடந்து கவலைப்படும் பிள்ளையும்.

பிற நாடுகளில் இக்கருவிகள் அறிமுகமான விதம் இப்படியல்ல. 2018 அக்டோபரில் ஜிம்மர் பயோமெட், ஆப்பிள் நிறுவனத்தோடு இணைந்து மூட்டு மாற்றியவர்களுக்கான திட்டத்தை அமெரிக்காவில் அறிவித்தபோது, கடிகாரமும் கைப்பேசியும் அதன் ஒரு பாதி. மறுபாதி, அந்தப் பதிவுகளைத் தம் திரையில் பார்த்து நோயாளிக்குச் செய்தி அனுப்பும் மருத்துவக் குழு. டியூக் பல்கலைக்கழகத்தினர் முன்னின்று நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், கேமராவின் முன் வீட்டிலேயே பயிற்சி செய்தவர்கள், நேரில் சிகிச்சை பெற்றவர்களுக்குக் குறைவில்லாத பலனைக் குறைந்த செலவில் அடைந்தனர். அங்கே உடலில் கட்டும் கருவி இல்லை, ஆனால் ஓர் இயன்முறை மருத்துவர் தொலைவிலிருந்து ஒவ்வொருவரையும் பார்த்துப் பயிற்சியை மாற்றிக்கொண்டிருந்தார். நம் ஊருக்கு வரும்போது அந்தப் பார்க்கும் ஆளைக் கழித்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொண்டுவந்திருக்கிறோம்.

கட்டணத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் செயற்கை மூட்டுகளுக்கு உச்சவரம்பு விதித்தபோது, பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமிய வகையின் விலை வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு முன் சராசரி விலை ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இருந்தது. நோயாளிகளுக்குப் பெரும் ஆறுதல் அளித்த நடவடிக்கை அது. ஆனால் மூட்டைச் சுற்றி விற்கப்படும் கூடுதல் வசதிகளுக்கு அத்தகைய வரம்பு ஏதுமில்லை. பல காப்பீட்டு பாலிசிகளில் வாக்கருக்கும் முழங்கால் பட்டைக்குமே பணம் கிடைப்பதில்லை எனும்போது, கடிகாரத்தின் விலை முழுவதும் குடும்பத்தின் கையிலிருந்துதான் போகிறது. மேற்கத்தியக் கழிப்பறை இல்லாத வீட்டில், அந்தப் பணத்துக்கு ஒரு கமோடு நாற்காலியும், குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடியும், சில வாரங்கள் கூடுதல் இயன்முறை சிகிச்சையும் வாங்கலாம் என்பதை யாராவது அவர்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் எண்களைப் படிக்கக்கூடிய ஆட்கள் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பதோடு, இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே சென்று சிகிச்சை அளிப்பதும் ஒரு பகுதியாக உள்ளது. அரசு மருத்துவமனையில் மூட்டு மாற்றிக்கொண்டவர் வீடு திரும்பும் நாளிலேயே, அவருடைய வட்டாரத்து இயன்முறை மருத்துவருக்குத் தகவல் போய்ச்சேர வேண்டும். மடக்கம் அளக்கும் சென்சர்களை நோயாளிகள் தலையில் விற்காமல், அந்த மருத்துவர்களிடம் சில ஜோடிகளைக் கொடுத்து, மூன்று மாதம் ஒருவரிடம் இருந்து, திரும்பப் பெற்று, சுத்தம் செய்து, அடுத்தவருக்குப் போகும்படி செய்யலாம். பூச்சியத்தைச் சரியாகப் பதியவும், பட்டையைச் சரியான இடத்தில் கட்டவும் தெரிந்தவர் கையில் அது இருக்கும். ஓரிரு மாவட்டங்களில் சோதித்துப் பார்த்துப் பலனைப் பொதுவில் வெளியிட்டால், இது செலவுக்குத் தகுந்த வழிதானா என்பதும் தெரிந்துவிடும். தகுந்ததல்ல என்று தெரியவந்தால் கைவிடுவதிலும் தவறில்லை.

செயலிகள் தமிழில் இருக்க வேண்டும் என்பதை நான் தனியாகக் கேட்கவேண்டியிருப்பதே வருத்தத்துக்குரியது. நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் மட்டுமே பேசுகின்றன. தமிழில் இருப்பவையும் கடைத்தெருப் பலகையை இயந்திரம் மொழிபெயர்த்தது போன்ற தமிழில் இருக்கின்றன. எழுபது வயது மூதாட்டிக்கு அவருடைய முழங்காலைப் பற்றி வரும் செய்தியைப் பேரன் பள்ளியிலிருந்து வந்து படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்தைவிடக் குரல்வழிக் குறிப்பு அவர்களுக்கு எளிது.

தரவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவர் எப்போது எழுகிறார், எவ்வளவு நடக்கிறார், எந்த இரவு உறங்கவில்லை என்பதெல்லாம் ஒரு நிறுவனத்தின் சர்வரில் சேர்கின்றன. தனிப்பட்ட தரவுகளை என்ன நோக்கத்துக்காகத் திரட்டுகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்பதே 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. அறுவைக்கு முந்தைய நாள் பதற்றத்தில் கையெழுத்து வாங்கும் காகிதக் கட்டுக்குள் அந்த ஒப்புதலையும் செருகிவிடுவதை ஒப்புதல் என்று நான் ஏற்கமாட்டேன்.

மருத்துவமனை நிர்வாகங்களிடமும் மக்கள் நல்வாழ்வுத் துறையிடமும் தங்கள் நாளிதழ் வாயிலாக நான் வைக்கும் வேண்டுகோள் பெரியதல்ல. மூட்டு மாற்றியவருக்குக் கருவி எதையேனும் கொடுத்தாலோ விற்றாலோ, டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரு பக்கத் தமிழ்த் தாளும் கொடுக்கப்பட வேண்டும். கருவியை எங்கே, எப்படிக் கட்டுவது, முதல் ஆறு வாரங்களில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கத் தேவையில்லை, எந்த அறிகுறிக்குக் கருவியைப் பாராமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். அந்த எண்களை வாரந்தோறும் பார்க்கப்போகும் மருத்துவப் பணியாளரின் பெயரும், அவரை அழைக்கவேண்டிய தொலைபேசி எண்ணும், அழைக்கலாகும் நேரமும் அதிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்படி எழுதுவதற்குப் பெயர் எதுவும் இல்லாத மருத்துவமனை, கடிகாரத்துக்கென்று ஒரு ரூபாயும் கட்டணப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று அரசு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்,
தென்காசி மாவட்டம்.